கடைசி ஒண்ணு உனக்கு

“கதவுக்கு அடியில தள்ளிவிட்ட பிஸ்கட்டை மனுஷன் திம்பானா? எறும்புதான் திங்கும்!”

ஒலிபெருக்கியில் நர்ஸம்மாவின் குரல் வந்ததும் அடுத்த அறையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். சுவர்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இருட்டறையில் உட்கார்ந்திருந்த கமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் இங்கே இருப்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அவர்கள் பக்கம் பளிச்சென்று வெளிச்சம், இவள் பக்கம் இருட்டு. இவளுக்கு அவர்கள் எல்லோரும் தெரிந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. சுருட்டை முடிக்காரப் பெண் வந்ததிலிருந்து அதைப் பார்த்துத்தான் முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ், டீச்சர் என்று இப்படி நாலு பேரைக் கூப்பிட்டு, புது விளம்பரத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் மனம்விட்டுப் பேசுவதை ஒளிந்திருந்து கேட்பது அவளுடைய விளம்பர கம்பெனியின் வழக்கம். எழுதிய வரியில் கமாவை வைப்பதும் எடுப்பதுமாகவே பொழுதைக் கழிப்பவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். வீட்டுக்கு வீடு டப்பாவில் இருக்கும் பிஸ்கட் ஒன்றுக்காக அவள் எழுதிய முதல் பெரிய விளம்பரம் இது.

சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் ஒரு அண்ணன், தங்கை. பாக்கெட்டில் மிச்சம் ஒரே ஒரு பிஸ்கட். அண்ணன் அதைத் தங்கையின் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறான். ‘கடைசி ஒண்ணு உனக்கு.’ அவ்வளவுதான் விளம்பரம்.

“என் தம்பியா இருந்தா காலி பாக்கெட்டைத்தான் தள்ளிவிடுவான்,” என்றாள் டீச்சர். மறுபடியும் சிரிப்பு.

“தப்பு செஞ்சா கதவைத் தட்டி மன்னிப்பு கேக்க வேண்டியதுதானே? எதுக்கு இந்த ஒளிஞ்சு விளையாடுற வேலை?” இது சுருட்டை முடி.

கமா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பிஸ்கட் உண்மையாகவே ஒரு நாள் அவள் கதவுக்கு அடியில் வந்தது. எறும்பை ஊதிவிட்டு அவள் அதைத் தின்றாள். டிவியில் வந்தால் அண்ணனுக்கு மட்டுமாவது புரியும் என்று, யாரிடமும் சொல்லாமல் எழுதிய விளம்பரம்.

“இன்னைக்கு இது தேறலைன்னா திங்கக்கிழமையிலேருந்து நீ வர வேணாம்மா,” என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். சற்றுமுன் அவருக்கு போன் வந்தது. “உக்காந்து கேளுங்க. இங்க எதையும் தொடாதீங்க,” என்று இருவரிடமும் சொல்லிவிட்டு வெளியே போனவர் இன்னும் திரும்பவில்லை.

இருட்டறையில் அவளோடு இருந்த இன்னொருவர் பிஸ்கட் கம்பெனி மேலாளர். விற்பனைப் பிரிவிலிருந்து இந்த வேலைக்குப் புதிதாக மாறி வந்தவர். வேண்டும், வேண்டாம் என்று முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “போதும்மா. இதுக்கு மேல கேட்டா நமக்குத்தான் அசிங்கம். வேணாம்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பறேன்.”

“சார், இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுப் பாக்கலாமே...”

“இன்னும் என்ன கேக்கணும்? எறும்பு வந்து சாட்சி சொல்லணுமா?” பேனாவை எடுத்தவர் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். “சே, என் கையெழுத்து எனக்கே தெரியல.”

எழுந்துபோய்ச் சுவரைத் தடவி சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்ததும் கமாவுக்குக் கூச்சமாகிவிட்டது. கன்னம் முழுக்கக் கண்ணீர். அவர் பார்க்கக் கூடாதென்று முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே சுருட்டை முடிக்காரியின் கை முடியிலேயே நின்றது. சிரிப்புச் சத்தம் பட்டென்று அடங்கியது.

“இப்ப நான் என்ன சொல்ல வர்றேன்னா...” நர்ஸம்மா தொண்டையைச் செருமினாள். “எறும்பு வந்தா என்ன இப்போ? ஊதிட்டுத் திங்கறதுதான்.”

கமா நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அதானே! ஆயிரம் மன்னிப்பு கேட்டாலும் இதுக்கு ஈடாகுமா?” என்றாள் சுருட்டை முடி.

“எனக்கு என் தம்பி ஞாபகம் வந்துருச்சு. பாவம், தங்கமான பையன்,” என்றாள் டீச்சர்.

மேலாளரின் பேனா பாதி வரியில் நின்றது. கமா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் தோள் குலுங்கியது.

“இதை எழுதினவங்க யாரோ, அவங்க கைக்கு மோதிரம்தான் போடணும்!” நர்ஸம்மாவின் குரல் ஓங்கியது. இவள் விசும்ப விசும்ப, அங்கே பாராட்டும் ஏறிக்கொண்டே போனது.

மேலாளர் எழுதியதை அடித்துவிட்டு முதன்முறையாகச் சிரித்தார். “பிரமாதம்மா! அப்படியே டிவியில போட்டுடுவோம். அந்தக் கடைசி வரியில மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.”

உள்ளே, கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேச்சை நடத்திக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னக்கா, இப்பத்தானே கிழிகிழின்னு கிழிச்சீங்க? பூசி மெழுக வேணாம். குறை இருந்தா தைரியமா சொல்லுங்க.”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸம்மா முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். மேசைமேலிருந்த மைக் அதையும் விடவில்லை.

“சொல்றோம்மா. முதல்ல கண்ணாடிக்குள்ள அந்தப் பொண்ணு அழறதை நிறுத்தட்டும்.”