கோட்டை வாசல் கடை

“வீடு உனக்கே இருக்கட்டும்” என்றான் கணவன்.

“வேண்டாம்” என்றாள் மனைவி.

“கார்?”

“வேண்டாம்.”

“அந்தக் கண்ணாடி அலமாரி? உனக்குப் பிடிச்சு வாங்கினதுதானே?”

“உங்களுக்குப் பிடிச்சு வாங்கினது. எனக்குப் பிடிக்கும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அதுவும் வேண்டாம்.”

மேசைக்கு எதிரே இருந்த ஆலோசகர் அம்மாளுக்குத் தலை சுற்றியது. குடும்பநல மையத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் சேர்த்து வைத்தவர்களைவிடப் பிரித்து வைத்தவர்களே அதிகம். குக்கர் மூடிக்காக மல்லுக்கு நின்ற தம்பதிகளைக்கூடப் பார்த்திருக்கிறார். தருகிறேன் என்பதை எல்லாம் தள்ளிவிடும் பெண்ணை இப்போதுதான் பார்க்கிறார்.

“ஏம்மா, எல்லாத்தையும் வேண்டாம்னா எப்படி?”

“கல்யாணம் ஆனதிலிருந்து இதே கதைதான் மேடம். என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டார். அவரா முடிவு பண்ணுவார், அவரா கையில கொண்டுவந்து திணிப்பார். வாங்கி வாங்கி அலுத்துப்போச்சு. இனிமே இவர் கொடுத்து ஒரு துரும்புகூட எனக்கு வேண்டாம்.”

கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அதிகம் பேசாத ஆள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்போ கடையும் எனக்குத்தான்” என்றான்.

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். “கடையா? அதெப்படி?”

“கடை வேற இருக்கா? எங்க?” என்றார் ஆலோசகர்.

“கோட்டை வாசல்ல மேடம். உள்ளே நுழைஞ்சதும் வலது பக்கம் மருந்துக் கடை. அடுத்தது சத்திரம். அதையும் தாண்டினா மூலைக் கடை எங்களுது” என்றாள் அவள்.

ஆலோசகர் பேனாவை எடுத்தார். “என்ன வியாபாரம்?”

“வாள், கேடயம், கவசம்.”

பேனா அப்படியே நின்றது.

“கம்ப்யூட்டர் கேம் மேடம்” என்றான் கணவன். “ராஜா காலத்து ஊர். அவங்கவங்க வீட்டில உக்காந்துக்கிட்டே ஆயிரக்கணக்கான பேர் அங்க வந்துபோவாங்க. வேலை முடிஞ்சு வந்ததும் நாங்க ரெண்டு பேரும் அங்க போய்க் கடையைத் திறப்போம்.”

ஆலோசகருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருக்கிற வீட்டை வேண்டாம் என்றவள், இல்லாத ஊரில் இல்லாத கடைக்காக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறாளே!

“அந்த இடத்தைப் பிடிச்சதே நான்தான். அதுக்காக டிராகனையே கொன்னேன்” என்றான் கணவன்.

“ஒரு டிராகனைக் கொன்னுட்டா ஆச்சா? கேடயத்தில எல்லாம் சின்னம் வரைஞ்சது யாரு? சும்மா சிங்கம், புலி இல்ல மேடம். வர்றவங்களை உக்கார வச்சு, அவங்க கதையைக் கேட்டு, அதுக்கேத்த மாதிரி வரைவேன். ஒருத்தர் பஸ் டிரைவர். ஸ்டீயரிங் போட்டுத் தரியாம்மான்னு கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அதைத் தூக்கிக்கிட்டுத்தான் அரக்கனோட சண்டைக்குப் போனார்.”

“படம் யார் வேணா வரையலாம்” என்றான் கணவன். “நான் கேடயம் அடிச்சுக் கொடுக்கலேன்னா எதுல வரைவே? இரும்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? உன்னால ஒரு நாள்கூட அந்தக் கடையைத் தனியா நடத்த முடியாது.”

ஆலோசகருக்கே சுருக்கென்றது. இவ்வளவு நேரம் வாயில்லாப் பூச்சியாக இருந்தவனா இவன்?

அவள் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

“அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து அந்தப் பக்கமே நான் எட்டிப் பார்க்கலை மேடம். இவர் முகத்தில முழிக்கணுமேன்னு போகலை. ஆனா வரையற கை சும்மா இருக்க மாட்டேங்குது. வீட்டில எல்லாமே இவர் இஷ்டம். அந்தக் கடையில மட்டும்தான் நான் நானா இருந்தேன். இரும்பு அடிக்கவும் கத்துக்குவேன். இவர் என்ன சொன்னாலும் சரி, கடை எனக்கு வேணும்.”

காலையிலிருந்து அவள் வாயில் ‘எனக்கு வேணும்’ என்று வந்தது அதுதான் முதல் தடவை. ஆலோசகர் யோசிக்கவே இல்லை.

“கடை அவங்களுக்குத்தான். நீங்க ஒதுங்கிடுங்க.”

“எடுத்துக்கட்டும். எத்தனை நாள் நடத்துறான்னு பார்க்கிறேன்.”

“பாருங்க! தெருவில நின்னு நல்லாப் பாருங்க!”

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வெளியேறினாள். வரும்போது ஒடுங்கி வந்தவள், போகும்போது கதவை அகலத் திறந்துகொண்டு போனாள்.

காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்த ஆலோசகர் அவன் பக்கம் திரும்பினார்.

“கட்டின பொண்டாட்டியை இப்படியா மட்டம் தட்டுவாங்க? பிரியறதுதான் பிரியறீங்க, கொஞ்சம் நல்லபடியாப் பேசிப் பிரியக் கூடாதா?”

“தப்புதான் மேடம். கொஞ்சம் ஜாஸ்தியாவே பேசிட்டேன்.”

“இப்போ சொல்லி என்ன பிரயோஜனம்? சரி, அந்தக் கடையை அவங்க பேருக்கு எப்படி மாத்தறது?”

“கோட்டைக்குள்ள தலையாரி இருப்பார். சாவியை அவர்கிட்ட கொடுத்து, இன்னார் பேருக்குன்னு சொல்லணும். ஒருதரம் கொடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது.”

“இழுத்தடிக்கிற வேலை எல்லாம் கூடாது. எப்போ கொடுப்பீங்க?”

அவன் எழுந்து நாற்காலியை மேசைக்கடியில் சரியாகத் தள்ளி வைத்தான்.

“அவ வீட்டை விட்டுப் போன அன்னிக்கே கொடுத்துட்டேன் மேடம்” என்றான். “நான் கொடுத்ததுன்னா வேண்டாம்னுடுவா. என்கிட்டேருந்து பிடுங்கிக்கிட்டதுன்னாத்தான் வச்சுப்பா.”