டவல் ஆர்மி

"பெங்களூரின் விளையாட்டு வரலாறு இன்றோடு இரண்டாகப் பிரிகிறது. நமது அணிக்கு முன், நமது அணிக்குப் பின்!"

மைதானத்து மைக்கை ஆன் செய்யாமலே ஒத்திகை பார்த்த சுந்தரராமன், கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தினார். வி.ஐ.பி. அறையில் இருந்தது இரண்டே பேர். அணியின் முதலாளி சீனிவாசராகவன் முந்திரி பக்கோடா தின்றுகொண்டிருந்தார். விளம்பரப் பிரிவு ஷ்ரேயா போனில் மூழ்கியிருந்தாள்.

"எதிர்லதானேய்யா உக்காந்திருக்கேன். சாதாரணமாச் சொல்லுங்க," என்றார் முதலாளி.

சுந்தரராமன் அந்த ஹாக்கி அணியின் தலைமை நிர்வாகி. ஜனவரியில் இதே அறையில்தான் முதலாளி கெடு வைத்தார். சீசன் முடிவதற்குள் ஸ்டாண்டில் ஆள் தலை தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அணி வேறு ஊருக்கு விற்கப்படும். சுந்தரராமன் வீட்டுக்குப் போகலாம்.

அன்றைய நிலைமை அப்படி. அனுமதி இலவசம் என்று அறிவித்தும் ஈ காக்கை இல்லை. ஒரு போட்டியில் கோல் விழுந்தபோது கைதட்டிய ஒரே ஜீவன் அணியின் கோல்கீப்பருடைய மாமியார். கோல் விழுந்தது மருமகன் காக்க வேண்டிய வலையில்.

மார்ச் வெயில் தொடங்கியதும்தான் அதிசயம் நடந்தது. திடீரென்று கூட்டம்! முதல் நாள் சுந்தரராமனே அதிர்ந்துபோய், பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வழி தவறி வந்தவர்களோ என்று வாட்ச்மேனிடம் விசாரித்தார். இல்லை என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அது அவருடைய சாதனையாகிவிட்டது.

"திடீர்னு ஏன்யா வர்றாங்க?" என்று கேட்டார் முதலாளி.

"'ஹாக்கி நம் ரத்தம்' கேம்பெயின் சார். என் ஐடியா."

"அந்த வீடியோவைப் பாத்தது நாப்பது பேரு. அதுல பாதி நீங்கதான் சார்," என்றாள் ஷ்ரேயா, போனிலிருந்து தலையை எடுக்காமல்.

சுந்தரராமனுக்கு அது காதில் விழவில்லை. கண்ணாடி வழியாகக் கிழக்கு ஸ்டாண்டைக் காட்டினார். "பாருங்க சார், குடும்பம் குடும்பமா வந்திருக்காங்க. ஆட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே கியூ. ஒவ்வொருத்தர் தோள்லயும் ஒரு டவல்! நாம சொல்லிக்குடுத்ததா? தானா முளைச்ச கலாசாரம் சார். கோல் அடிச்சா சுத்திக் கொண்டாடறதுக்கு."

"நாம எங்கய்யா கோல் அடிச்சோம்?"

"நம்பிக்கை சார்! அடுத்த வருஷம் டீம் கலர்ல டவல் போட்டு விக்கறோம். பேர்கூட வெச்சுட்டேன். டவல் ஆர்மி!"

விசில் ஒலித்தது. ஆட்டம் தொடங்கியதும் முதலாளியின் கையில் பக்கோடா அப்படியே நின்றது. "என்னய்யா அநியாயம்! பாதி ஸ்டாண்டைக் காணோமே?"

"டென்ஷன் சார். பாக்க மனசு தாங்காம பின்னாடி போயிடறாங்க. அவங்க வந்ததும் மத்தவங்க போவாங்க. அதுலயும் ஒரு ஒழுங்கு பாருங்க."

இடைவேளையில் அணி ஐந்து கோல் பின்தங்கியிருந்தது. திரும்பி வந்த பெண்கள் கூந்தலை விரித்துப்போட்டு வெயில் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். சுந்தரராமன் அவர்களைச் சுட்டிக் காட்டினார்.

"தோல்வியைத் தாங்காம தலைவிரிகோலமா உக்காந்திருக்காங்க சார்."

"சிரிச்சுப் பேசிக்கிட்டுல்ல இருக்காங்க?"

"அதுதான் ஸ்போர்ட்டிங் ஸ்பிரிட்!"

முதலாளி திகைத்துப்போனார். இத்தனை வருடத்தில், சம்பளம் கொடுத்த இடத்தில்கூட அவர் இப்படியொரு விசுவாசத்தைக் கண்டதில்லை. "ஒரு ரசிகரைக் கூப்பிடுங்க. நானே பேசணும்," என்றார்.

ஷ்ரேயா அழைத்துவந்தது பக்கத்து ஜோகுபாளையத்துத் தமயந்தியை. தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். புருஷன், மாமியார், பிள்ளைகள் என்று வீடே கிளம்பி வந்திருந்தது.

"ஒரு மேட்சைக்கூட விடறதில்லையாமேம்மா?"

"எப்டி சார் வுட முடியும்? எங்க வூட்டுக்காரரு லீவு போட்டுட்டு வராரு. முட்டி வலியோட மாமியாரே வருதுன்னா பாத்துக்குங்க."

"டீம் தோத்துக்கிட்டே இருக்கே?"

"தோத்தா இன்னா, ஜெயிச்சா இன்னா சார்? வூட்டுக்குப் போம்போது ஒடம்பும் மனசும் லேசா இருக்குது. அது போதும்."

"ஏதாவது குறை?"

"வாரத்துக்கு ஒருவாட்டிதான் வெக்கிறீங்க. தெனம் வெச்சீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சுந்தரராமன், டீம் இங்கயேதான் இருக்கும். நீங்களும்தான். ஒரே வருத்தம், ஆட்டத்துக்கு முன்னாடி செயற்கைப் புல்தரையை நனைக்கணும்னு ஒவ்வொரு தடவையும் டேங்கர் டேங்கரா தண்ணி வாங்கறோம்."

"அதுக்கும் வழி பண்ணிட்டேன் சார்!" நாற்காலி உறுதியான குஷியில் சுந்தரராமன் மைக்கை ஆன் செய்தார். "ரசிகப் பெருமக்களே! அடுத்த மாதம் முதல் நமக்கு நனைக்கவே தேவையில்லாத புதிய தரை! இனி இந்த மைதானத்துக்குள் ஒரு டேங்கர்கூட வராது!"

ஐந்து கோல் விழுந்தபோது அசையாத ஸ்டாண்டு மொத்தமாக எழுந்து நின்றது. தமயந்தி மார்பில் கைவைத்துக்கொண்டாள்.

"இன்னா சார் இப்டி குண்டத் தூக்கிப் போடுறீங்க? அப்போ பின்னாடி பாத்ரூம்ல?"

"அதுக்கும் அதே டேங்கர்தான்," என்றாள் ஷ்ரேயா. முதன்முறையாகப் போனைக் கீழே வைத்திருந்தாள்.

"அப்போ நாங்க வரமாட்டோம் சார்," என்றாள் தமயந்தி. "எங்க தெருக் குழாய்ல தண்ணி வந்து மாசக்கணக்காவுது. நாங்க இங்க குளிக்கத்தான் வர்றோம்."