செல்வமேரி போட்ட கணக்கு

செல்வமேரி செஞ்ச காரியத்தைக் கேட்டா நீங்களே திட்டுவீங்க.

ஒரகடம் போற ரோடு இப்ப ஆறு வழி. கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் பறக்குது. எங்க ஊர் முனையில அதைத் தாண்டி அந்தப் பக்கம் போறதுக்குள்ள உசிரு போய் உசிரு வரும். போன வருஷம் செல்வமேரியோட புருஷன் சாம்சனை அங்கதான் ஒரு வேன் அடிச்சுப் போட்டுது. காலுக்குள்ள கம்பி வெச்சு இப்பத்தான் மெல்ல நடக்கறான். அவங்க பொண்ணு ஜாஸ்மின் எட்டாவது படிக்குது. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்.

இந்த நேரத்துலதான், அடுத்த இருபது வருஷத்துக்கு நிலம், ரோடு, பஸ் எல்லாத்துக்கும் சேர்த்துப் பிளான் போடறோம்னு ஆபீசருங்க வந்தாங்க. எங்க ஏரியாவுக்கு இப்போதைக்கு ஒரே ஒரு நடை மேம்பாலம்தானாம். எங்க ஊர் முனையிலயா, இல்ல கொஞ்சம் தள்ளி, கம்பெனி வேலைக்கு வந்த வெளி மாநிலத்துப் பசங்க ரூம் எடுத்துத் தங்கியிருக்கற இடத்துலயா? ரெண்டு இடத்துலயும் ஒரு நாள் பகல் முழுக்க ஆள் உட்கார்ந்து எண்ணுவாங்க. எந்த எடத்துல ஜனம் அதிகமா தாண்டுதோ அங்க பாலம். இன்னொண்ணு எப்போன்னு கேட்டதுக்கு, அதெல்லாம் அடுத்த கட்டத்துலன்னு சொல்லிட்டாங்க.

விடுவோமா? வார்டு மெம்பர் தணிகாசலம் வீடு வீடா சொல்லிட்டார். அன்னிக்கு யாரும் வேலைக்குப் போகக் கூடாது, எல்லாரும் ரோட்டைத் தாண்டணும். தாண்டினவங்க திரும்பி வந்து மறுபடியும் தாண்டணும். லாரியை மடக்க ரெண்டு பேர் சிவப்புத் துணியோட நின்னாங்க.

சர்ச் ஆளுங்க, கோயில் ஆளுங்கன்னு பேதமே இல்லை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிருத்திகை அன்னிக்குக்கூட எங்க ஜனம் அப்படி நடந்தது கிடையாது. லூர்தம்மாள் அடையாளம் தெரியக் கூடாதுன்னு வீட்டுக்குப் போய் வேற சேலை கட்டிக்கினு வந்து தாண்டினா. எண்ண வந்த பொண்ணு குடைக்கடியில உட்கார்ந்து குனிஞ்ச தலை நிமிராம கோடு போட்டுக்கினே இருந்தது. மத்தியானம் மெம்பர் பிரியாணி போட்டார். சாப்பிட்டதும் கால் வலி தாங்காம பாதிப் பேர் போய்ப் படுத்துட்டாங்க.

வராத ஒரே ஆள் செல்வமேரி. அந்தப் பாலம் யாருக்கு ரொம்ப வேணுமோ, அவளே வரலை. உடம்பு சரியில்லை போலன்னு நாங்களும் விட்டுட்டோம்.

பிளான் வெளியாச்சு. பாலம் அந்தப் பசங்க ரூம் பக்கத்துக்குப் போயிடுச்சு.

எங்களுக்கு ஒண்ணுமே புரியலை. அங்க பகல்ல ஒரு ஈ காக்கா இருக்காதே! பகல் ஷிப்ட் பசங்க விடியறதுக்கு முன்ன தாண்டிடுவானுங்க. நைட் ஷிப்ட் பசங்க பகலெல்லாம் தூங்குவானுங்க. அப்புறம் எப்படி?

விசாரிச்சப்போதான் விஷயம் வெளியே வந்தது. எண்ணின அன்னிக்கு செல்வமேரி அங்கதான் இருந்திருக்கா. ரூம் ரூமா கதவைத் தட்டி, தூங்கிக்கினு இருந்த பசங்களை எழுப்பி, இருட்டுல தாண்டறவனை எவனும் எண்ண மாட்டான், இப்பவே தாண்டுங்கன்னு ரோட்டுக்கு ஓட்டி விட்டிருக்கா. சாயந்திரம் வரைக்கும் இதே வேலை.

எங்களுக்கு வயித்தெரிச்சல் தாங்கலை. அன்னிக்கே அவ வீட்டு வாசல்ல போய் நின்னோம். சாம்சன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவன் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கினான். செல்வமேரி பொண்ணோட யூனிஃபார்மை மடிச்சுக்கினு இருந்தா.

"ஏம்மா, உன் புருஷன் அடிபட்ட எடம். நீ பெத்த பொண்ணு தெனம் தாண்டற ரோடு. வடக்கேருந்து வந்தவனுங்களுக்குப் பாலத்தைத் தூக்கிக் குடுத்துட்டியே, உனக்கு இன்னா வந்துச்சு?" தணிகாசலம் கேட்டார்.

அவ குரலை உயர்த்தவே இல்லை.

"அவரு அடிபட்டுக் கெடந்தப்போ நீங்க எல்லாரும்தான் சுத்தி நின்னீங்கண்ணா. போலீஸ் கேஸாயிடும்னு ஒருத்தரும் தொடலை. அந்தப் பசங்கதான் கம்பெனி பஸ்ஸை நிறுத்தச் சொல்லி எறங்கி ஓடியாந்து, அதுலயே அவரைத் தூக்கிப் போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க."

தணிகாசலம் விடலை. "அதெல்லாம் சரி. நாளைக்கு உன் பொண்ணுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"

"பயமாத்தாண்ணா கீது. ஆனா எம் பொண்ணைக் கையைப் புடிச்சுத் தாண்ட வெக்க நான் கீறேன். அந்தப் பசங்களுக்கு இந்த ஊர்ல யாரு கீறாங்க?"