பொறி தர மறுத்த பேட்டரி

படகுப் பந்தயம் தொடங்கும் நேரம். பழைய மோட்டார் படகின் எஞ்சினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சீக்கிரம் தீப்பொறியைக் கொடு!" என்று பேட்டரியை விரட்டியது.

படகின் அடித்தட்டில் குடியிருந்த எலி மூச்சிரைக்க ஓடிவந்தது. "பொறுங்கண்ணே! கீழே பெட்ரோல் நெடி தேங்கிக் கிடக்கு. தலை சுத்துது!"

"என் வாசனையே அதுதானே?" என்று சிரித்தது எஞ்சின்.

"நேத்து வரைக்கும் நான் அங்கேதான் தூங்கினேன். இது வேற!"

மற்ற படகுகள் உறுமிக்கொண்டு பாய்ந்தன. "போறாங்க, போறாங்க!" என்று எஞ்சின் அலறியது. பேட்டரிக்கும் ஆசைதான். ஆனாலும், "ஒரு பொறி விழுந்தா எல்லாரும் சாம்பல். தரமாட்டேன்" என்றது.

படகுக்காரர் லூர்து சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். "பாழாப்போன பேட்டரி!" என்று திட்டிக்கொண்டே எஞ்சின் மூடியைத் தூக்கினார். நெடி முகத்தில் அறைந்தது. பதறிப்போய்ப் பெட்ரோல் வருவதை நிறுத்தினார். விரிசல் விட்டிருந்த குழாயை மாற்றி, கசிந்ததைத் துடைத்து, நெடி போகும்வரை காற்றாட விட்டார்.

மறுபடி சாவியைத் திருகியதும் பேட்டரி பொறியை அள்ளிக் கொடுத்தது. படகு சீறிப் பாய்ந்து எல்லையைத் தொட்டபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

"கடைசியா வந்துட்டோமே" என்றது எலி.

"வந்துட்டோம்ல!" என்று கூவியது எஞ்சின்.