ஹீட்டருக்கு வைத்த ஐஸ்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஃபேன் காற்று எல்லார் மேலேயும் படட்டும். கொஞ்சம் புழுக்கமான கதைதான், ஆனால் மனசு குளிர்ந்துதான் எழுந்திருப்பீர்கள்.

டோல்கேட் பக்கத்துச் சந்து, மே மாத வெயில். கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்ட கரண்ட் காருக்குள் ரமாபாய் மழைக்கோட்டும் கம்பளிக் குல்லாவும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மாஸ்டர், சில்லுன்னு காத்து வருது!" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

"கேட்டியா ரெஜி? ஹீட்டர் அவுட்டு. சீக்கிரம் பாரு நைனா" என்றார் வண்டிக்காரர் அப்பாவு.

மெக்கானிக் ரெஜி வண்டியைப் பார்த்தான், வானத்தையும் பார்த்தான். "கத்திரி வெயில்ல ஹீட்டர் ரிப்பேருன்னு கூப்ட்ட மொத ஆளு நீதான் மாமு. இன்னா, பொண்ணுக்கு ஜொரமா?"

ஜுரமெல்லாம் இல்லை. பத்தொன்பது வயசு ரமாபாய் குத்துச்சண்டைக்காரி, அப்பாவு அவளுடைய மாஸ்டர். அன்றைக்கு மூன்று மணிக்குப் பெரம்பூரில் மாநிலப் போட்டிக்கு எடை பார்க்கிறார்கள். நாற்பத்தெட்டுக்குக் கீழேயும் போகக் கூடாது, ஐம்பதுக்கு மேலேயும் ஏறக் கூடாது. ஏறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இரண்டு வருஷப் பாடு வீண்.

அப்பாவுவின் மனைவி பூவம்மா கோழிக்கறிக் கடை நடத்துகிறாள். அவள் ஊரில் இல்லாததால், காலையில் அவரே கடைத் தராசைத் தூக்கி வந்து பெண்ணை நிறுத்தினார். ஐம்பத்தொன்று நானூறு! காருக்குள் உட்கார வைத்து வியர்வையிலேயே கரைத்துவிடுவது என்று அப்போதுதான் முடிவானது.

"நேத்து முச்சூடும் ரெண்டே இட்லி மாஸ்டர். எப்பிடி ஏறும்?" என்றாள் ரமாபாய், பத்தாவது தடவையாக.

"தராசு பொய் சொல்லாதும்மா. உயிர்க்கோழிய எடை போடுற தராசு. நீ மூச்சு விட்டாகூட காட்டும்."

ரெஜி ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. பேட்டரியும் நிரம்பித்தான் இருந்தது. கையில் கொண்டுவந்த கருவியை வண்டிக்குள் சொருகிப் பார்த்தான். அதுவும் ஒரு குறையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தவன், திடீரென்று முன் பம்பருக்கு அடியில் குனிந்து பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான்.

"மாமு, ஹீட்டர் சோக்காத்தான் கீது. வெளிச்சூடு பாக்குற சென்சார் ஒண்ணு இங்க கீது, அது நாப்பது டிகிரின்னு சொல்லுது. 'இந்த வெயில்ல எவன்டா ஹீட்டர் போடுவான்'னு வண்டி தானா நிறுத்திடுது. வண்டிக்குக் கீற அறிவு உனக்கில்ல."

"அத்த அப்பாலிக்கா பேசலாம். இப்ப இன்னா பண்றது?"

"குளிருதுன்னு அத்த நம்ப வெக்கணும்."

ரெஜி பைக்கில் பறந்து போய்க் காசிமேட்டிலிருந்து ஒரு கோணி மீன் ஐஸ் கொண்டுவந்தான். பிளாஸ்டிக் பையில் போட்டு சென்சாரைச் சுற்றிக் கட்டினான். ஐந்தே நிமிஷத்தில் திரையில் நாலு டிகிரி என்று வந்தது. இமயமலைக்கே வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வண்டி அனலாக ஊதத் தொடங்கியது.

"பாவம்டா, வாயில்லாத மிஷினை ஏமாத்துறோமே" என்று அப்பாவு உருகினார்.

"ரொம்பத்தான்! எனக்குக் கூலி வாணா மாமு. உங்க கடையில ஒரு கிலோ கறி குடு, கொஞ்சம் தாராளமாப் போடச் சொல்லு. ஞாயித்துக்கெழமை வாங்கினு போனா, 'வழியில எவ வூட்ல குட்த்துட்டு வந்தே'ன்னு எம் பொண்டாட்டி ஜெமிமா சண்டைக்கு வரா."

பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து காற்று காட்டி, ஒன்றரை மணி நேரம் ரமாபாயை உருக்கினார்கள். கடைசியில் தராசில் நாற்பத்தொன்பது எண்ணூறு. அதே வண்டியில் மூவரும் பெரம்பூருக்கு ஓடினார்கள்.

அங்கே எடை பார்க்கிற அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். "நாப்பத்தேழு நானூறு. குறையுதேம்மா. இந்தப் பிரிவுக்கு நாப்பத்தெட்டாவது வேணும்."

ரமாபாய்க்குக் கண் தளும்பிவிட்டது. அப்பாவு துள்ளினார். "மேடம், உங்க மிஷின்தான் கோளாறு!"

அந்த அம்மாள் இருபது கிலோ படிக்கல்லைத் தூக்கி மிஷின்மேல் வைத்தார். அட்சரம் பிசகாமல் இருபது. "இன்னும் அரை மணி இருக்கு. தண்ணி குடிச்சிட்டு வா பொண்ணு."

ரெஜி லிட்டர் பாட்டிலை நீட்டினான். ரமாபாய் அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு மறுபடி ஏறினாள். நாற்பத்தெட்டு நானூறு! பெயரை எழுதிக்கொண்டார்கள்.

அப்பாவுவுக்கு மட்டும் ஆறவில்லை. "எங்க தராசு கரெக்டு மேடம். கடையில நிக்கிறவளையே கேளுங்க" என்று, வள்ளூரில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த பூவம்மாவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். "பூவம்மா, காலைல நம்ம கடைத் தராசுல ரமாவ ஏத்தி எடை பாத்தேன். இங்க இன்னாடான்னா ரெண்டரை கிலோ கொறைச்சுக் காட்டுறாங்க!"

போன் அலறியது: "அய்யய்யே, அதுலயா புள்ளைய ஏத்துனே? யோவ், அது கஸ்டமருக்கு வெச்சதுய்யா!"

ரெஜி அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். உங்கள் வீட்டுக்கு வருகிற கிலோ எல்லாம் முழுக் கிலோவாக வரட்டும் கண்ணுகளா, வீட்டில் சண்டையில்லாமல் நல்லா இருங்கள்.