புதுக் கட்டில்

ஊர் சுற்றவென்று பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்ததிலிருந்து, அவள் கணவன் ஓய்வு நாளெல்லாம் அதன் அடியிலேயே கிடந்தான். ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் கட்டில் அடித்தான். கூரையில் சோலார் தகடு பொருத்தினான். மலைப்பாதைக்கென்று தடித்த டயர் மாட்டினான்.

"பேசாம இதையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்றாள் அவள். அவன் சிரித்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடினான்.

முதல் பயணத்தில், நல்ல வெயில் நேரத்தில், அவள் பின்னால் புதுக் கட்டிலில் படுத்திருந்தாள். வண்டி ஓட்டிக்கொண்டே அவன் சொன்னான்: "பயப்படாதம்மா. இதோ வந்துட்டோம்."

அவ்வளவு கனிவாக அவன் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"உன்கிட்டதான். இன்னும் எவ்வளவு தூரம்னு கிளம்பினதிலேருந்து அழுதுகிட்டே கேக்குறியே."

அவள் வாயே திறந்திருக்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லவில்லை. அந்தக் கனிவு இன்னொருத்திக்குப் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. கட்டில் முழுவதும் தனக்கே என்பதுபோல் கையையும் காலையும் அகல விரித்தாள்.

யாரோ எழுந்து இடம்விட்டதுபோல், பக்கத்தில் மெத்தை மெல்ல மேலெழும்பியது.

"அழாதம்மா, அழாத" என்றான் அவன், முன்னைவிடக் கனிவாக.