கவரில் இருந்த சீட்டு

சிவகிரி மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லி, இரண்டு ஜாதகங்களையும் ஒரே கவரில் போட்டு அனுப்பியிருந்தார்கள். பெருமாள்சாமி அவசரத்தில் கவரை ஓரத்தோடு கிழித்தார். டாக்டர் சீட்டு ஒன்றின் பாதி கீழே விழுந்தது. புரட்டிப் பார்த்தார்; இங்கிலீஷ் எழுத்து புரியவில்லை.

தேரடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் சுடலைராஜிடம் ஓடினார்.

“‘அக்ரவேட்’ ஆகாமப் பாத்துக்கிடணும்னு எழுதிருக்கு அண்ணாச்சி.”

“அப்படின்னா?”

“ஒருத்தரை எரிச்சல்படுத்துததையும் அப்படிச் சொல்லுவாவ.”

“மாப்பிள்ளை முன்கோபியோ?”

“டாக்டர் எழுதினா அது இல்ல. இருக்குத சீக்கு மோசமாயிரக் கூடாதுன்னு அர்த்தம்.”

“என்ன சீக்குவே?”

“அது மறுபாதில இருக்கும்.”

போட்டோவில் மாப்பிள்ளை ஒல்லியாக நின்றது இப்போதுதான் உறைத்தது. கடை வாசலில் நின்றே சிவகிரிக்குப் போன் போட்டார். “சீக்கை மறைச்சு எம்பிள்ளை தலையில கட்டப் பாத்தியளோ? இந்தச் சம்பந்தமே வேண்டாம்!”

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சீட்டை நீட்டினார். “தப்பிச்சோம் மக்கா.”

அபிதா கிழிந்த கவருக்குள் விரலை விட்டு மறுபாதியை எடுத்தாள். அதில் அவள் பெயர் இருந்தது.

“தரகர் வந்தன்னைக்கு இன்ஹேலரை ஒளிச்சு வைக்கச் சொன்னியளே, அந்த இளைப்புக்கு எழுதினது. மனசு கேக்காம நான்தான் என் ஜாதகத்தோட வச்சு அனுப்பினேன்.”

பெருமாள்சாமி கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“அதைப் படிச்சிட்டுத்தாம்ப்பா அவிய சம்மதம் சொன்னாவ.”